கறுப்புக் கடாவுக்கு அடுத்து இடது பக்கம்

கத்தி ஒரே இழுப்பில் வெண்ணெயை ரொட்டியின் நான்கு மூலைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தது. இடது கை சீஸை எடுத்து அடுக்கியது. வலது கை அதன்மேல் இனிப்பு ஊறுகாயைத் தடவி, இன்னொரு ரொட்டியால் மூடி, குறுக்கே வெட்டி, தாளில் சுற்றி ஓரத்தை மடித்துச் செருகியது. அந்தக் கைகளுக்குக் கண் தேவைப்படவில்லை. வாயும் அப்படித்தான், தன்பாட்டுக்குச் சொல்லிக்கொண்டிருந்தது.

“ஏரிப் பக்கம் போகாதீங்க கண்ணு. பாதி லண்டன் அங்கதான் நிக்குது. ஐஸ்கிரீம் வாங்க வரிசையில நின்னா சாயங்காலம் ஆயிடும். ஸ்டேஷன் வாசல்ல பச்சை பஸ் வரும், அதுல ஏறி கறுப்புக் கடாவுல இறங்குங்க. அதுக்கு அடுத்து இடது பக்கம் ஒரு சந்து. கல்சுவரைத் தாண்டப் படி வச்சிருக்கும். தாண்டினா ஆறு. ஆத்தோரமாவே போனா ஸ்கெல் அருவி. ஒரு ஈ காக்கா இருக்காது.”

ஜன்னலுக்கு வெளியே ஒரு கணவனும் மனைவியும் நின்றிருந்தார்கள். இருவருக்கும் எழுபதைத் தொடும் வயது. மனைவி ஊதா நிற மழைச்சட்டை போட்டிருந்தாள். கணவர் ஒரு காலை லேசாகத் தாங்கித் தாங்கி வைத்தார்.

“கறுப்புக் கடான்னா?” என்று அவர் கேட்டார்.

“பப்புங்க. கண்ணுல படாம போகவே போகாது.”

அவர்கள் நன்றி சொல்லி, பொட்டலத்தை வாங்கிக்கொண்டு, இன்னொரு முறை நன்றி சொல்லிவிட்டுப் போனார்கள். தெல்மா கார்த்வெயிட் அடுத்த ரொட்டியை எடுத்தாள்.

கெல்பெக் சந்திப்பில் லண்டன் ரயில் வந்து நிற்கும். ஏரிகளுக்குப் போகிறவர்கள் இறங்கி வேறு ரயிலுக்காகக் காத்திருப்பார்கள். அந்த ரயில் பெரும்பாலும் தாமதம். அதனால்தான் மூன்றாம் நடைமேடையில் அந்த டீ ஜன்னலுக்குப் பிழைப்பு ஓடியது. தெல்மா பிறந்தது ஸ்டேஷனுக்குப் பின்தெருவில். அப்பா சிக்னல் பெட்டியில் இருந்தார். பள்ளிக்கூடம் முடிந்ததும் கம்பளி ஆலைக்குப் போனாள். ஆலையை மூடியதும் இந்த ஜன்னலுக்கு வந்தாள். லண்டனை வாழ்க்கையில் இரண்டே தடவை பார்த்திருக்கிறாள். ஒன்று உறவுக்காரர் கல்யாணத்துக்கு, ஒன்று கணவர் டெனிஸின் காது ஆபரேஷனுக்கு. ஆனால் லண்டன்காரர்களுக்கு எங்கே போக வேண்டும் என்று சொல்வதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது என்று ஊரில் பேச்சு. தபால்காரர் தன் வீட்டுக்கு விருந்தாளி வந்தால், “தெல்மாகிட்ட கேட்டுட்டுக் கிளம்புங்க” என்பார். ஆலைக்காரியாகவும் டீக்காரியாகவும் அவளுக்குக் கிடைத்த பெயர் என்று இருந்தால் அது ஒன்றுதான்.

அந்தப் பெயரும் இப்போது களைத்துப்போய்விட்டது. மாலையானால் கணுக்கால் வீங்கிவிடும். சொன்னதையே சொல்லிச் சொல்லி, கடைசி வாடிக்கையாளரிடம் சொல்லும்போது தன் குரல் ஒலிபெருக்கி அறிவிப்பு மாதிரி அவளுக்கே கேட்கும்.

மறுநாள் காலை ஊதா மழைச்சட்டைக்காரி லண்டன் ரயிலுக்காக வந்து நின்றாள். கணவர் பெஞ்சில் உட்கார்ந்து, பூட்ஸைக் கழற்றிப் பக்கத்தில் வைத்திருந்தார். பூட்ஸுக்குள் செய்தித்தாள் திணித்திருந்தது.

“எப்படிங்க இருந்துச்சு அருவி?”

“ரொம்ப அருமை,” என்றாள் அவள். “ரொம்ப நன்றிங்க. ரெண்டு டீ குடுங்க.”

மதியம் பச்சை பஸ்ஸை ஓட்டும் நாரிஸ் தன் கோப்பையோடு வந்தான். தெல்மாவோடு ஒரே வகுப்பில் படித்தவன். ஜன்னல் விளிம்பில் முழங்கையை ஊன்றிக்கொண்டான்.

“உன் ஆளுங்க ரெண்டு பேரு நேத்து கடைசி ஸ்டாப் வரைக்கும் போயிட்டாங்களாமே.”

“யாரு?”

“ஊதாச் சட்டை. நேத்து நான் லீவு, புதுப் பையன் ஓட்டினான். அவனுக்குக் கடாவும் தெரியாது கிடாவும் தெரியாது. ரெண்டு பேரும் ஜன்னலோரம் உக்காந்து பப்பு பப்புன்னு தேடிக்கிட்டே போயிருக்காங்க. கடைசியில பண்ணை கேட்டுல இறக்கிவிட்டிருக்கான். அங்கதான் போன் எடுக்காதே. அடுத்த பஸ்ஸுக்கு நிக்க முடியாம கொட்டுற மழையில திரும்பி நடந்திருக்காங்க. பெரியவருக்கு முட்டி வேற சரியில்ல.”

தெல்மா துணியைக் கீழே வைத்தாள். “அருமையா இருந்துச்சுன்னாளே அந்தம்மா!”

“வேற என்ன சொல்லுவா? போன வாரம் நீ குடுத்த சூப்புல உப்பே இல்ல. நான் என்ன சொன்னேன்?”

“பிரமாதம்னு சொன்ன.”

“அவ்வளவுதான்.”

“கறுப்புக் கடாவைப் பாக்காம எப்படி நாரிஸ் போவாங்க?”

“கடா எங்க இருக்கு? மூடி எத்தனை வருஷம் ஆச்சு!”

மூடியது அவளுக்கும் தெரியும். ஊருக்கே தெரியும். மூடிய அன்று நாரிஸே துக்கத்துக்குக் கறுப்பு டை கட்டிக்கொண்டு போய்க் கடைசிக் கோப்பை குடித்துவிட்டு வந்தான். ஆனால் பப் போனாலும் இடம் போகவில்லையே. பஸ்காரர்களுக்கு அது கடா ஸ்டாப், பால் வண்டிக்கு அது கடா முக்கு. இல்லாத ஒன்றைச் சொல்லி வழி காட்டுகிறோம் என்று ஒருவருக்கும் தோன்றியதில்லை.

அன்று மீதி நாளெல்லாம் அவள் கைகள் வெண்ணெய் தடவின, மனம் வேறொன்றைத் தடவிக்கொண்டிருந்தது. இத்தனை கோடைகளில் அந்த அருவிக்கு எத்தனை பேரை அனுப்பியிருப்பாள்! திரும்பி வந்தவர்கள் எல்லோரும் அருமை என்றார்கள். பிரமாதம் என்றார்கள். சேறு முழங்காலுக்கு ஏறியிருந்த ஒரு பெண் மறக்கவே முடியாது என்றாள். அதில் எத்தனை பேர் அருவியைப் பார்த்தார்கள்? ஒருவராவது முகத்துக்கு நேராகத் திட்டியிருந்தால் மற்றவர்கள் தப்பித்திருப்பார்களே. அவளும் யாரையும் திட்டியவள் இல்லை. பல் டாக்டர் தவறான பல்லைத் தொட்டபோதுகூட “பரவாயில்லங்க” என்று சொன்னவள்தான்.

அதன்பிறகு யாராவது கேட்டால், “தெரியாது கண்ணு, சுவர்ல போஸ்டர் இருக்கு பாருங்க” என்றாள். போஸ்டரில் ஏரிதான் இருந்தது. ஜனங்கள் டீ குடித்துவிட்டு ஏரி ரயிலில் போய் நெருக்கியடித்து நின்றார்கள். பச்சை பஸ் காலியாகப் போய்க் காலியாக வந்தது.

“என்ன மகாராணி, மௌன விரதமா?” என்று நாரிஸ் சீண்டினான். “நானும் ஆடுங்களும்தான் பேசிக்கிட்டுப் போறோம் இப்பல்லாம்.”

“போஸ்டரு யாரையும் மழையில நடக்க வைக்காது.”

“போஸ்டரு யாரையும் நம்ம பக்கம் அனுப்பவும் செய்யாது. சரி, நீ கடைசியா எப்போ அருவியப் பாத்த?”

அவள் மனதுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தாள். கல்யாணத்துக்கு முன்னால், ஆலைப் பெண்கள் கூட்டமாகப் போனபோது. அதற்குப் பிறகு வேலை, பிள்ளை, டெனிஸ். மற்றவர்கள் வந்து சொன்ன அருமையை வைத்துத்தான் இவ்வளவு காலம் கதை ஓட்டியிருக்கிறாள்.

லீவு நாளில் அவள் பூட்ஸ் மாட்டுவதைப் பார்த்து டெனிஸ் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தார். அவர் சத்தம் குறைப்பது பெரிய விஷயம்.

“எங்க?”

“ஸ்கெல் அருவிக்கு.”

“இந்தக் காலை வச்சுக்கிட்டா? லீவு நாள்ல காலை நீட்டி உக்காரேன்மா. உன்னை யாரு கேட்டா?”

“யாரும் கேக்கலைன்னுதான் போறேன்.”

பச்சை பஸ்ஸில் அன்றும் புதுப் பையன். அவள் தான் சொன்னபடியே செய்தாள். அதற்கு மேல் எதுவும் கேட்கக் கூடாது என்று வைராக்கியம். ஜன்னலோரம் உட்கார்ந்து, வெள்ளைச் சுவரும் கொம்பு வளைந்த கடா வரைந்த பலகையும் தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டே போனாள். சாம்பல் வண்ணம் அடித்த வீடுகள் வந்தன, வேலிச்செடி வந்தது, குழந்தையின் ஊஞ்சல் ஒன்று வந்தது. கண்ணாடியில் தூறல் கோடு போட்டது. பிறகு ஆடுகள். பிறகு இன்னும் ஆடுகள். வண்டி நின்றது.

“கடைசி ஸ்டாப்புங்க,” என்றான் பையன்.

பண்ணை கேட். கூரை பாதி போன நிழற்குடை. வைத்த பொறியில் தானே விழுந்த எரிச்சலோடு அவள் இறங்கினாள். “அறிவு கெட்டவளே” என்று தன்னையே வாய்விட்டுத் திட்டியும் கொண்டாள். யாரும் திட்டாததற்கு அந்தத் திட்டாவது இருக்கட்டும்.

நாயை முன்னால் உட்கார வைத்து வண்டி ஓட்டிவந்த பண்ணைக்காரி அவளைப் பார்த்து நிறுத்தினாள்.

“வழி தப்பிட்டீங்களா?”

“அருவிக்குப் போகணும்.”

“அடடே, தாண்டி வந்துட்டீங்க. திரும்பப் போங்க. கறுப்புக் கடாவுக்கு அடுத்து இடது பக்கம்.”

“கறுப்புக் கடா எங்கம்மா இருக்கு?”

“அது மூடியாச்சு,” என்றாள் பண்ணைக்காரி. “ஆனா பாத்தாலே தெரிஞ்சிடும்.”

தெல்மாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்ததில் இடுப்பு பிடித்துக்கொண்டது.

திரும்பி நடந்தாள். சாலை ஏற்றமாக இருந்தது. பஸ்ஸில் அது தெரியவில்லை. கழுத்துவழியே மழை இறங்கியது. தாங்கித் தாங்கி நடந்த அந்தப் பெரியவரைத்தான் வழியெல்லாம் நினைத்துக்கொண்டாள். ஊஞ்சல் வீட்டு வாசலில் ஒருவர் ஜன்னல் சட்டத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

“இதுதானா கடா?” என்று மூச்சு வாங்கக் கேட்டாள்.

“இதுதான். பியர் கிடையாதுங்க.”

“நிறைய பேரு வந்து கேப்பாங்களோ?”

“கோடையில வருவாங்க. கதவைத் தட்டி மதியச் சாப்பாடு உண்டான்னு கேப்பாங்க. நம்ம சமையக்கட்டுக்குள்ளயே வந்து உக்காந்தவங்க உண்டு.”

“கோவப்படுவாங்களா?”

“கோவமா? நாலு தடவை மன்னிப்புக் கேட்டுட்டு ஓடிடுவாங்க.” அவர் அவளுடைய நனைந்த தலையைப் பார்த்தார். “யாரோ ஸ்டேஷன்ல ஒரு பொம்பளை அனுப்புறாளாம்.”

“ஆமா,” என்றாள் தெல்மா. “அவளைத்தான் பாத்துக்கிட்டு இருக்கீங்க.”

அவர் சுரண்டுவதை நிறுத்தினார். பிறகு, “உள்ள வந்து துடைச்சுக்கிறீங்களா?” என்று கேட்டார். வேண்டாம் என்று நன்றி சொல்லிவிட்டு, வீட்டுக்கு அடுத்திருந்த அந்தச் சந்தில் நுழைந்தாள்.

சுவரின் படிக்கல் இருந்தது. ஆனால் அவள் காலத்தில் ஆற்றைக் கடக்க இருந்த மரப்பாலம் இல்லை. ஏதோ ஒரு வெள்ளம் அதைக் கொண்டுபோயிருந்தது. மேற்கே, தேவாலயத்துக்கு நேர்கீழே, புதிய பாலம் போட்டிருந்தார்கள். இதையும் அவளிடம் யாரும் சொன்னதில்லை. புதுப் பாலம்வழியாகச் சுற்றிப் போனாள். அருவி அவள் நினைவில் இருந்ததைவிடச் சின்னது. பக்கத்தில் ஒருவரும் இல்லை. தண்ணீர் கறுப்புப் பாறையில் மூன்று தட்டாக விழுந்து, கீழே தேநீர் நிறத்தில் தேங்கி நின்றது. ஈரக்கல்லில் உட்கார்ந்து தன் கையால் செய்த சாண்ட்விச்சைத் தின்றாள். ரொட்டி காய்ந்திருந்தது. அதையும் இதுவரை ஒருவர்கூடச் சொல்லவில்லை.

ஆனால் எழுந்து போக மனம் வரவில்லை. அனுப்ப வேண்டிய இடம்தான் இது என்று மட்டும் தீர்மானமாகத் தெரிந்தது.

அன்று இரவு சாப்பாட்டு மேசையில் காகிதத்தை விரித்துக்கொண்டு உட்கார்ந்தாள். படம் வரையக் கற்றவள் இல்லை. அழித்து அழித்துப் போட்டாள். பஸ் எங்கே திரும்பும், எந்தத் திருப்பத்தில் எழுந்து மணியை அழுத்த வேண்டும், எந்தப் பாலம், ஆறு எந்தக் கைப்பக்கம் இருக்க வேண்டும், முட்டி வலிக்காரர்கள் எங்கே உட்காரலாம், எல்லாவற்றையும் எழுதினாள். பப் என்ற சொல்லே இல்லை. டெனிஸ் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

“தேவாலயத்தைப் போட்டிருக்க. இப்பல்லாம் அதையும் வீடாக்கி வித்துடுறாங்க.”

“கோபுரம் நிக்கும்.”

“ஊஞ்சல் போட்டிருக்க. பிள்ளை வளந்துட்டா?”

ஊஞ்சலை அழித்தாள்.

“ஆறுகூட வெள்ளம் வந்தா…”

“டெனிஸ், உங்க டீ ஆறுது.”

முதல் படத்தை நாரிஸிடம் காட்டினாள். அவன் தூரத்தில் பிடித்து, கிட்டத்தில் பிடித்துப் பார்த்து, “பிரமாதம்” என்றான். அவள் முறைத்ததும், “சரி சரி, வடக்கையும் தெற்கையும் மாத்திப் போட்டிருக்க” என்றான். திரும்ப வரைந்தாள்.

சனிக்கிழமை லண்டன் ரயிலிலிருந்து முதுகுப்பையோடு இறங்கிய ஒரு பெண் டீ வாங்கினாள். கூட்டத்தைப் பார்த்து முகம் சுளித்தாள்.

“ஏரியில எல்லாரும் இப்படித்தான் நிப்பாங்களா? இந்தப் பக்கம் பாக்க வேற எதாவது இருக்கா?”

தெல்மாவின் கை ஒரு கணம் போஸ்டரைக் காட்ட எழுந்தது. பிறகு ஜன்னலுக்குக் கீழே போய் மடித்த தாளை எடுத்தது. விரித்து, ஈரம் படாத இடத்தில் வைத்து, விரலால் ஒவ்வொரு திருப்பமாகக் காட்டினாள். ஒலிபெருக்கிக் குரல் வரவில்லை. மெதுவாக, நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். அந்தப் பெண் தாளைப் பிடித்தாள். தெல்மா விடவில்லை.

“ஒரே ஒரு விஷயம் கண்ணு. திரும்பி வரும்போது இங்க வந்து அருமைன்னு மட்டும் சொல்லிடாத. எங்க தப்பாச்சு, எங்க வழுக்குச்சு, எது இல்ல, அதைச் சொல்லு. திட்டினாலும் சரி.”

“ஐயோ, அப்படியெல்லாம் ஒண்ணும் இருக்காதுங்க…”

“இருக்கும். சொல்லுவியா?”

அந்தப் பெண் சங்கடமாகச் சிரித்தாள். முகம் கழுத்துவரை சிவந்தது. பின்னால் வரிசை நெளிந்தது. கடைசியில், “சொல்றேன்,” என்றாள்.

தெல்மா தாளை விட்டாள்.