அண்ணனின் ஈரல்

எங்கள் பட்டாபிராம் தெருவில் ஈரல் கெட்டுப் போனவன் என்றால் குடிகாரன்தான். வேறு காரணம் யாருக்கும் தேவையில்லை. என் அண்ணன் குடியைத் தொட்டவனில்லை. அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் லேத் மெஷின் ஓட்டினான். சம்பள நாளிலும் நேராக வீட்டுக்கு வந்துவிடுவான். அதில் அம்மாவுக்கு அப்படி ஒரு பெருமை.

அவனுக்குச் சின்ன வயதில் மஞ்சள் காமாலை வந்தது. அம்மா கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கிக் கொடுத்தாள். கண் மஞ்சள் போனது. நோயும் போய்விட்டது என்று நம்பினோம், முட்டாள்கள்.

வயிறு ஊதி ஆஸ்பத்திரியில் சேர்த்தபோதுதான் டாக்டரம்மா, அம்மா இல்லாத நேரத்தில், அண்ணனிடமும் என்னிடமும் விளக்கினார். ஹெபடைடிஸ் பி கிருமி ஈரலிலேயே தங்கிவிட்டது. வலியே காட்டாமல் ஈரல் வருடக்கணக்காக அழன்றிருக்கிறது. புண்ணாகி, ஆறி, தழும்பாகி, மறுபடி புண்ணாகி. ஓயாமல் புதுச் சதை வளர்ந்ததில் ஓரிடத்தில் தப்பாக வளர்ந்து புற்றாகிவிட்டது.

"இவன் குடிக்கவே மாட்டானே டாக்டர்?" என்றேன்.

"குடிக்கணும்னு இல்லம்மா. பெரும்பாலும் பிரசவத்துல அம்மாகிட்டேர்ந்து வந்திருக்கும். அவங்களுக்கும் டெஸ்ட் எடுங்க."

சர்க்கரை பார்க்க என்று சொல்லி அம்மாவுக்கு ரத்தம் எடுத்தோம். அவளுக்கும் கிருமி இருந்தது; அதை அவளிடம் சொல்ல அண்ணன் விடவில்லை. எனக்கு இல்லை.

அம்மாவோ நர்ஸ், ஆயா என்று ஒருவர் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். "குடிக்காத புள்ளைக்கு எப்டிமா வந்துச்சி?" ஒருநாள் டாக்டரையே கேட்கிறேன் என்று கிளம்பினாள். அண்ணன் அவள் கையைப் பிடித்து நிறுத்தினான்.

"கேக்காத யம்மா. நான் குடிச்சிகினுதான் இருந்தேன். ஒனக்குத் தெரியாம."

"இன்னாடா சொல்ற?"

"நெசமாத்தான்."

அவள் அவன் தோளில் அறைந்தாள். "பாவி, என்னை ஏமாத்திகினா இருந்த?" நான் வாயைத் திறக்கப் போனேன். அண்ணன் வேண்டாம் என்று தலையசைத்தான். அவன்மேல் எனக்கு வந்த கோபம் இன்னும் தீரவில்லை.

அதன்பிறகு அம்மா அவனுக்குக் கஞ்சி ஊட்டினாள், உடம்பு துடைத்துவிட்டாள். பேச்சு மட்டும் கொடுக்கவில்லை. அப்படியே ஒரு விடியற்காலையில் அவன் போய்விட்டான்.

முதல் வருஷத் திதிக்கு அவனோடு லேத்தில் வேலை செய்தவர் வந்தார். படத்தைப் பார்த்ததும் அழுதுவிட்டார். "தங்கமான ஆளும்மா. எத்தினி தபா கூப்ட்டாலும் கடைப் பக்கமே வரமாட்டான்."

"ஒனக்குத் தெரியாது நைனா," என்றாள் அம்மா. "குடிச்சான். அவனே எங்கிட்ட ஒத்துகினான்."

அவர் நம்பாமல் என்னைப் பார்த்தார். ஆமாம் என்று தலையாட்டினேன்.