பூனைப் பெட்டிக்கு முட்டு வைத்த குழவி

என் மகள் போன மாதம் ஒரு பூனையைத் தத்தெடுத்துக்கொண்டு வந்தாள். அதன் பின்னாலேயே கூரியரில் ஒரு பெரிய அட்டைப்பெட்டியும் வந்தது. பிரித்துப் பார்த்தால் பூனைக்கு ஒரு கக்கூஸ். கூரை, வாசல், வாசலில் ஆடும் கதவு எல்லாம் இருந்தன. மகள் போனைப் பார்த்துப் பார்த்து முதலில் அந்தக் கதவைக் கழற்றினாள்.

"மொதல்ல கதவு இல்லாம பழக்கணுமாம்மா. அவசரப்படக் கூடாதாம். புடிச்சு உள்ள தள்ளவே கூடாதாம்" என்றாள்.

"அப்படியா" என்று சொல்லிவிட்டு, அடுப்பில் ஒன்றும் இல்லாதபோதும் நான் சமையலறைக்குள் போய் நின்றுகொண்டேன். இதெல்லாம் எனக்குப் பத்து வயதிலேயே ஒருத்தி சொல்லிக்கொடுத்தது. மகளிடம் அதைச் சொல்ல வாய் வரவில்லை.

அப்போது நாங்கள் செங்கம் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில் வாடகைக்கு இருந்தோம். முன்கட்டில் வீட்டுக்காரம்மா. பின்கட்டில் ஒரு அறையும் ஒரு சமையல்கட்டும் எங்களுக்கு. இரண்டுக்கும் பொதுவாக ஒரு கொல்லை. அங்கே தண்ணீர்த் தொட்டி, துவைக்கும் கல், வீட்டுக்காரம்மாவின் அம்மி. நாங்களும் அதில்தான் அரைத்துக்கொள்வோம். அப்பா, அம்மா, நான், அத்தை நாலு பேரும் அந்த ஒரு அறையில்தான் படுத்தோம். அத்தை அப்பாவின் தங்கை. கல்யாணமான மூன்றாம் வருடம் ஒரு துணிப்பையோடு வந்தவள், திரும்பிப் போகவில்லை. பக்கத்தில் வெளிநாட்டுக்காரர்கள் தங்கும் விடுதி ஒன்றில் சமையல் வேலை பார்த்தாள்.

அந்த விடுதியில் ஆறு மாதம் தங்கியிருந்த ஒரு வெள்ளைக்காரம்மா, தோட்டத்துப் பூனை ஒன்றுக்குப் பால் ஊற்றிப் பழக்கிவிட்டு ஊருக்குப் போய்விட்டாள். பூனை உள்ளே வரக்கூடாது என்று மேனேஜர் சொல்ல, அத்தை அதை எங்கள் வீட்டுக்குத் தூக்கிவந்தாள். வெள்ளைக்காரம்மா விட்டுப்போன மூடி போட்ட பெட்டியையும் கூடவே கொண்டுவந்தாள். நீல நிறப் பிளாஸ்டிக். நாங்கள் யாரும் அதற்கு முன் அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. பூனைக்குத் தனிக் கக்கூஸ், நமக்கு வரிசை என்று அப்பா சொல்லிச் சிரித்தார்.

பூனைக்கும் அது புதிது. தோட்டத்து மண்ணில் பழகிய பிராணி, வந்த மூன்றாம் நாளே வீட்டுக்காரம்மாவின் பூந்தொட்டியைத் தோண்டிவிட்டது. அந்த அம்மா கொல்லையில் நின்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்: "பௌர்ணமிக்கு எங்க ஜனமெல்லாம் கிரிவலம் சுத்த வருது. அதுக்குள்ள அது அந்தப் பொட்டியில போச்சுன்னா இருக்கட்டும். இல்லன்னா பூனையும் கெளம்பட்டும், அதைக் கொண்டாந்தவளும் கெளம்பட்டும்."

பௌர்ணமிக்கு எட்டு நாள் இருந்தது.

அத்தை பதறவில்லை. முதலில் பெட்டியின் கூரையையும் கதவையும் கழற்றிவிட்டு, அடித்தட்டில் மட்டும் மணல் போட்டாள். விடுதித் தோட்டத்திலிருந்து ஒரு பிடி மண்ணைக் காகிதத்தில் மடித்துக் கொண்டுவந்து அதில் கலந்தாள். பூனை முகர்ந்து பார்த்தது. இரண்டாம் நாள் அதில் இறங்கியது. நாலாம் நாள் அத்தை கூரையை மாட்டினாள், கதவை மாட்டவில்லை. பூனை வாசலுக்கு எதிரே உட்கார்ந்து, கலெக்டர் ஆபீஸுக்கு மனு கொண்டுவந்தவர் உள்ளே போகலாமா வேண்டாமா என்று பார்ப்பதுபோல் பார்த்தது.

நான் அதைக் கூப்பிடப் போனேன். அத்தை என் கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள்.

"கூப்டாத பாப்பா. பாக்காத மாதிரி இரு. நாம மொறச்சு பாத்துக்கினு இருந்தா அதுக்குக் கூச்சமா இருக்காதா? அதுவா போகணும். தள்ளிவுட்டோம்னா ஜென்மத்துக்கும் போவாது."

அத்தை விடியற்காலை ஐந்து மணிக்கு வேலைக்குப் போய் நாலு மணிக்குத்தான் திரும்புவாள். பகலில் பூனை என் பொறுப்பு. முழுப் பரீட்சை லீவு. அத்தை சொன்னதுபோலவே நான் பார்க்காத மாதிரி இருந்தேன். பௌர்ணமிக்கு முதல் நாள் பூனை முன்னங்கால் இரண்டையும் உள்ளே வைத்து, கொஞ்ச நேரம் அப்படியே நின்று, வெளியே வந்துவிட்டது. அத்தையிடம் சொன்னபோது அவளுக்கு வாயெல்லாம் பல். "ரெண்டு கால் போயிடுச்சா! மீதி ரெண்டு கால் நாளைக்குப் போவும்" என்றாள்.

எனக்கு அந்த நம்பிக்கை இல்லை. நாளைக்குத்தான் பௌர்ணமி. அம்மாவின் ஊரில் புதுக்கோழி வாங்கி வந்தால் கூடையால் கவிழ்த்து மேலே கல் வைப்பார்கள். இரண்டு நாள் கழித்துத் திறந்துவிட்டால், எங்கே மேய்ந்தாலும் பொழுது சாய்ந்ததும் அதே இடத்துக்கு வந்துவிடும். நான் கண்ணால் பார்த்தது அது. அத்தை வெள்ளைக்காரர்களோடு சேர்ந்து நம் ஊர் முறையை மறந்துவிட்டாள் என்று நினைத்தேன். அவள் திரும்பி வரும்போது பூனை பழகியிருக்க வேண்டும், 'யார் பழக்கினது' என்று அவள் கேட்க வேண்டும். அதுவும் என் மனதில் இருந்தது.

மறுநாள் காலை அம்மாவை வீட்டுக்காரம்மா முன்கட்டுக்கு ஒத்தாசைக்குக் கூப்பிட்டுக்கொண்டாள். கொல்லையில் நானும் பூனையும்தான். பத்து மணி இருக்கும். பூனையைப் பின்பக்கமாகப் பிடித்து உள்ளே தள்ளி, வாசலில் ஒரு பலகையைச் சாத்தினேன். அது உள்ளிருந்து தள்ளியது. முட்டுக்கொடுக்கக் கல் தேடினேன். பக்கத்தில் இருந்தது அம்மிக் குழவி. இரண்டு கையாலும் தூக்கிவந்து பலகையோடு சேர்த்து வைத்தேன்.

பூனை கத்தியது. நான் பக்கத்தில் உட்கார்ந்து, பழகிடும் பழகிடும் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் சத்தம் நின்றது. பழகிவிட்டது என்று நினைத்தேன்.

அப்போது தெருப் பெண்கள் என்னைக் கூப்பிட்டார்கள். சந்து முனையில் கிரிவலக்காரர்களுக்கு நீர்மோர்ப் பந்தல் போட்டிருந்தார்கள். சும்மா பார்த்துவிட்டு வரலாம் என்றுதான் போனேன். டம்ளர் கழுவச் சொன்னார்கள். கூட்டம் வரவர எனக்கு வேகம் வந்துவிட்டது. பந்தலில் இருந்த ஒரு பெரியவர், இந்தப் பாப்பாவுக்கு இன்றைக்கு எத்தனை புண்ணியம் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். பூனையை நான் மறந்தே போனேன்.

வீட்டுக்கு வந்தபோது நாலு மணி. கொல்லையில் கூட்டம். படையலுக்கு அரைக்க வந்த வீட்டுக்காரம்மா அம்மியில் குழவியைக் காணாமல் தேடி, அது இருந்த இடத்தைக் கண்டுபிடித்திருந்தாள். பலகையை எடுத்ததும் பூனை ஓடவில்லையாம். உடம்பெல்லாம் மலத்தோடு மூலையில் ஒடுங்கியிருந்ததாம். பெட்டியைக் கவிழ்த்த பிறகுதான் சுவர் ஏறிக் குதித்துப் போனதாம். அத்தை வேலையிலிருந்து வந்தவள், தோளில் பையோடு அப்படியே நின்றிருந்தாள்.

"சாமிக்கு அரைக்கிற குழவியைக் கொண்டுபோய்ப் பூனை பீப்பொட்டிக்கு முட்டு வெச்சிருக்கீங்களே, சோறுதான் துன்றீங்களா?" என்று வீட்டுக்காரம்மா கத்தினாள். அவள் உறவுக்காரர்கள் வாசற்படியில் நின்று பார்த்தார்கள். "புருஷன் வூட்ல பழகத் துப்பில்ல, இவ பூனைக்குப் பழக்கம் கத்துக் குடுக்கிறாளாம்!" பிறகு என் பக்கம் திரும்பினாள். "பகல்ல நீதானடி இருந்த? யாரு வெச்சது? ஒழுங்கா சொல்லு. இன்னிக்கே எல்லாரையும் காலி பண்ண வெக்கிறேன்."

நான் அம்மாவின் பின்னால் போய் ஒதுங்கினேன்.

"அது கொழந்த, அதுக்கு இன்னா தெரியும்?" என்றாள் அத்தை. "நான்தான் அக்கா காலையில வேலைக்குப் போறப்போ வெச்சிட்டுப் போனேன்."

"நெஜமாடி?" என்று என்னைக் கேட்டாள் வீட்டுக்காரம்மா.

அத்தை என்னைப் பார்க்கவில்லை. பெட்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் தலையாட்டினேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "ஆமா, அத்தைதான்" என்றும் சொன்னேன்.

அம்மா உடனே அத்தையைப் பிடித்துக்கொண்டாள். அறிவிருக்கா, ஒண்டவந்த இடத்தில் இப்படியா என்று முன்கட்டு வரை கேட்கும்படி திட்டினாள். அத்தை குழவியைப் புளி போட்டுத் தேய்த்து, மஞ்சள் தண்ணீரில் கழுவி அம்மியில் வைத்தாள். பிறகு பெட்டியைக் கழுவினாள். கூரையின் உள்பக்கம் முழுக்க நகக்கீறல். அதன்மேல் ஒரு தடவை விரலை ஓட்டிப் பார்த்தாள்.

பூனையைத் தேடிப் போனபோது நானும் பின்னாலேயே போனேன். சந்து முனைச் சாக்கடைப் பாலத்தடியில் இருந்தது. அத்தை குரல் கேட்டு மெதுவாக வெளியே வந்தது. என்னைப் பார்த்ததும் மறுபடி உள்ளே போய்விட்டது. அத்தை திரும்பி என்னைப் பார்த்தாள்.

"நீ வூட்டுக்குப் போ பாப்பா" என்றாள். அவ்வளவுதான்.

விளக்கு வைக்கும் நேரத்தில் பூனையைப் பையில் போட்டுக்கொண்டு வந்தாள். தன் துணிகளை எடுத்துக் கட்டினாள். விடுதியில் சாமான் அறைக்குப் பின்னால் படுத்துக்கொள்ள மேனேஜரிடம் கேட்டுவிட்டதாகச் சொன்னாள். அப்பா தரையைப் பார்த்தார். போகாதே என்று யாரும் சொல்லவில்லை. வாசலில் என்னிடம், "நீ சாப்டியா?" என்று கேட்டாள். சாப்பிட்டேன் என்றேன். அவளுக்குக் கோபமே இல்லை என்று எனக்கு ஒரே சந்தோஷம்.

அத்தை பிறகு பல வருடம் அந்த விடுதியிலேயே இருந்தாள். என் கல்யாணத்துக்கு வந்து முன்வரிசையில் நிற்காமல் பந்தி பரிமாறினாள். அவளிடம் அந்தப் பேச்சை நான் எடுத்ததே இல்லை. அவளும் எடுக்கவில்லை.

அந்தப் பௌர்ணமியன்று காலை அத்தை ஐந்து மணிக்குப் போன பிறகு, எட்டு மணிக்கு அம்மா அந்தக் குழவியில்தான் தேங்காய்ச் சட்னி அரைத்தாள். நான் அதைத் தொட்டு நாலு இட்லி சாப்பிட்டேன். ஆக, சாயங்காலம் அவ்வளவு சத்தமாகத் திட்டியபோது யார் வைத்தது என்று அம்மாவுக்குத் தெரியும். அத்தைக்கும் தெரியும். வீடு நிலைக்க வேண்டும் என்று ஒருத்தி திட்ட, ஒருத்தி வாங்கிக்கொண்டாள். எனக்கு மட்டும் ஒன்றும் தெரியவில்லை. யாருக்கும் தெரியாமல் தப்பித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு, அன்று ராத்திரி அத்தை படுக்கும் இடத்திலும் சேர்த்துக் காலை நீட்டிப் படுத்தேன். படுத்ததும் தூங்கிப்போனேன்.