செல்வராணி வவுனியாவுக்கு அனுப்பிய கோப்புகள்

கிளிநொச்சியில் எங்கள் தாய்சேய் கிளினிக்கின் பதிவு மேசையில் இருந்தபோதுதான் செய்தி வந்தது. காலை ஒன்பது மணி; தாய்மார் வரிசையில் நின்றார்கள். செல்வராணியின் கணவர் தொலைபேசியில், "அண்ணை, ராணி போயிட்டா" என்றார். ஆஸ்பத்திரியில் இருந்த ராணிக்கு வருத்தம் கடுமை என்று எல்லோருக்கும் தெரியும். இருந்தும், "நேற்றும் என்னோட கதைச்சவாவே" என்றுதான் என் வாயில் வந்தது.

ராணியின் பெற்றோர் மலையகத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து ஜெயபுரத்தில் காடு வெட்டிக் குடியேறியவர்கள். எங்களிடம் கணினி வேலைக்கு வந்த முதல் நாளே, "பக்கப் எங்க அண்ணை?" என்று கேட்டார். மேசைக்குக் கீழே இருந்த பையைப் பெருமையோடு காட்டினேன். தாய்மாரின் விபரங்கள் அத்தனையும் பிரதி எடுத்த ஹார்ட் டிஸ்க், பொலித்தீனில் சுற்றி, என் பிறப்புச் சான்றிதழோடும் காணி உறுதியோடும் ஒரே பையில் இருந்தது. பலமுறை இடம்பெயர்ந்தவன் நான். எல்லாம் ஒரு கைக்குள் இருந்தால் தூக்கிக்கொண்டு ஓடலாம்.

"ஓடேக்க பை விழுந்தால்?" என்றார் ராணி.

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. யுத்தத்தில் ஓடும்போது அப்படி ஒரு பையை நான் ஏற்கெனவே இழந்தவன். அவரும் இழந்தவர்தான்.

எங்கள் நிறுவனத்தின் வவுனியாக் கிளையில் சும்மா கிடந்த சேர்வரை அவர் கேட்டு வாங்கினார். நாங்கள் பதியும் ஒவ்வொரு மாற்றத்தையும் தரவுத்தளம் தானே ஒரு கோப்பில் எழுதிவைக்கும். அதை லொக் என்பார்கள். முதலில் முழுப் பிரதி ஒன்றை வவுனியாவில் வைத்தார். அதன்பின் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை அந்த லொக் கோப்புகள் யாரும் தொடாமலே வவுனியா போய்ச் சேரும்படி செய்தார். எனக்கு நம்பிக்கையில்லை. தினமும் வவுனியாவுக்குப் போன் எடுத்து, "வந்ததோ?" என்று கேட்டு அவர்களின் உயிரை வாங்கினேன்.

ஒருமுறை கிளினிக்கில் இருந்த எங்கள் சேர்வரில் இடம் போதவில்லை என்று, இன்னும் போய்ச் சேராத ஒரு கோப்பை அழித்துவிட்டேன். ராணி ஏசவில்லை. "ஒண்டு இல்லாட்டில் அதுக்குப் பிறகு வந்ததெல்லாம் சும்மா அண்ணை" என்று சொல்லி, முழுப் பிரதியையும் புதிதாக எடுக்கத் தொடங்கினார். முடியும்வரை எனக்குத் தேத்தண்ணி இறங்கவில்லை.

பிறகு அந்த வெள்ளம். கிளினிக்கின் சேர்வர் மூழ்கியது. நான் விடாமல் வைத்திருந்த பையும் மூழ்கியது. உடையார்கட்டுத் தாய் ஒருவருக்கு அடுத்த நாள் சத்திரசிகிச்சை. முந்திய பிரசவத்தில் இரத்தம் ஏற்றியபோது அவருக்கு ஒத்துக்கொள்ளாமல் போனதும், எந்த வகை இரத்தம் பொருந்தும் என்பதும் எங்கள் பதிவில்தான் இருந்தன. அவர் வீட்டில் வைத்திருந்த கிளினிக் அட்டையை வெள்ளம் கொண்டுபோய்விட்டது.

ராணி அப்போதே ஆஸ்பத்திரிக் கட்டிலில். நான் பஸ்ஸில் வவுனியா போய் அவருக்குப் போன் எடுத்தேன். "நீங்களே செய்யுங்கோ. நான் லைனில நிக்கிறன்" என்றார். எனக்கு அழுகை வந்தது. "அண்ணை, நான் இல்லாட்டியும் இது ஓடவேணும். அதுக்குத்தானே செய்தனாங்கள்" என்றார். முழுப் பிரதியை ஏற்றி, கோப்புகளை வரிசையாகப் பொருத்தினேன். அந்தத் தாயின் பெயர் திரையில் வந்தது. விபரம் நேரத்துக்கு அவருடைய சத்திரசிகிச்சை நடக்கவிருந்த ஆஸ்பத்திரிக்குப் போனது. தாயும் பிள்ளையும் சுகமாக வீடு போனார்கள்.

இந்த நினைவுக் குறிப்பை வாசிக்கும், ராணியை அறிந்த உங்களுக்கு அவரைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. மாதம் ஒருமுறை வெறும் கணினி ஒன்றில் பிரதியை ஏற்றிப் பார்ப்பார். "எழும்பாத பக்கப் பக்கப்பே இல்லை" என்பார். அந்தப் பழக்கத்தை நான் வைத்துக்கொண்டேன்.

ஜெயபுரத்தில் அவருக்குக் கொள்ளி வைத்த அன்று, பின்னேரம் நேரே கிளினிக்குக்கு வந்தேன். வேலை முடிந்து எல்லோரும் போய்விட்டார்கள். வவுனியாவிலிருந்து பிரதியை எடுத்து, வெறும் கணினி ஒன்றில் தனியாக ஏற்றினேன். பிழை வரவில்லை. கடைசிப் பதிவைப் பார்த்தேன். நாங்கள் சுடலையில் நின்ற நேரத்தில் தாதி பதிந்தது அது: வட்டக்கச்சி, பெண் குழந்தை, பிறந்து ஐந்து நாள், நிறை இரண்டு கிலோ தொள்ளாயிரம்.