சிப்புக்கு வாங்கிய பொட்டு

பிரிக்காத ஸ்டிக்கர் பொட்டு அட்டை ஒன்று என் அலமாரியில் இருக்கிறது. அரக்கு நிறத்தில் பெரிய வட்டப் பொட்டுகள். மேலே சுற்றிய பிளாஸ்டிக் தாள் பழுத்து மஞ்சளாகிவிட்டது. ஒன்றைக்கூட நான் எடுத்து வைத்துக்கொண்டதில்லை. தூக்கிப் போடவும் கை வரவில்லை. வீட்டு வேலைக்கு வரும் பெண் ஒருமுறை, கோந்தெல்லாம் போயிருக்கும், இது எதற்கு என்று தெலுங்கில் முணுமுணுத்தபடி குப்பையில் போடப் போனாள். கிட்டத்தட்ட அவள் கையிலிருந்து பிடுங்கினேன். அந்த அட்டை எனக்காக வாங்கியதில்லை. எந்தப் பெண்ணின் நெற்றிக்காகவும் வாங்கியதில்லை. ஒரு சிப்புக்காக வாங்கியது.

எண்பதுகளில், படித்து முடித்த கையோடு திருச்சியிலிருந்து ஹைதராபாத்துக்கு வந்து, பாலாநகரில் ஒரு பொதுத்துறை நிறுவனத்தின் மின்னணுப் பிரிவில் சேர்ந்தேன். எங்கள் லேபில் தமிழ்ப் பெண்கள் இரண்டே பேர். நானும் அக்காவும். அக்கா என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர், பதவியிலும் ஒரு படி மேல். லாலாகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து, அங்கேயே வாழ்க்கைப்பட்டவர்; அப்பாவும் பட்டறையில் வேலை, கணவரும் பட்டறையில் வேலை. வீட்டில் வட ஆற்காட்டுத் தமிழ், அதன் நடுநடுவே தெருவில் பொறுக்கிய உருது. வேண்டாம் என்பதற்கு 'நக்கோ', ஆமாம் என்பதற்கு 'ஹவ்'. முதலில் எனக்குச் சிரிப்பாக வரும். பிறகு லீவில் ஊருக்குப் போனபோது அம்மா இன்னொரு தோசை போட வர, "நக்கோ" என்று சொல்லி முறைப்பு வாங்கினேன். அம்மாவுக்கு என்னைப் பற்றி வேறொரு குறையும் உண்டு. எதிலும் யாரையும் கேட்காமல் முன்னால் போய் நிற்பேனாம். முந்திரிக்கொட்டை என்பாள். அதைச் செல்லப் பெயர் என்றுதான் அப்போது நினைத்துக்கொண்டிருந்தேன்.

எங்களுக்கு வந்த வேலை, மின் நிலையங்களில் கோளாறு வந்தால் விளக்கெரிந்து காட்டும் எச்சரிக்கைப் பலகை. வெளிநாட்டிலிருந்து ஒரு மைக்ரோகண்ட்ரோலர் போர்டு வந்திறங்கியது. சிப்பை வாங்குவதற்கு முன் பழகிப் பார்க்கத் தரும் போர்டு. லேபில் அதைக் 'கிட்' என்போம். அதில் ஓடுவதற்கு 'எக்ஸிக்யூடிவ்' என்ற ஒரு நிகழ்நேர இயங்குதளத்தை அமைக்க வேண்டும். இன்றைக்குப் பிள்ளைகள் மடிக்கணினியில் ஒரு பொத்தானைத் தட்டி அதைப் போர்டில் இறக்கிவிட்டு டீ குடிக்கப் போகிறார்கள். எங்களுக்கு மாதங்கள் பிடித்தன. ஒரே சிப், பல வேலைகள். கடிகாரம் தட்டும்போதெல்லாம் கையிலிருக்கும் வேலையை அப்படியே வைத்துவிட்டு அடுத்ததை எடுக்க வேண்டும். புதிதாகச் சேர்ந்த பையன்களுக்கு அக்கா இதை விளக்கும் விதமே தனி. "எங்க குவார்ட்டர்ஸ் குழாயடி மாதிரிதான். மணி அடிச்சா குடம் ரொம்பலைன்னாலும் எடுத்துரணும், அடுத்தவ வெக்கணும். மறுபடி உன் முறை வரும்போது, நீ விட்ட அளவுல தண்ணி குடத்துல இருக்கணும். ஒரு சொட்டு குறையக் கூடாது. அவ்ளோதான் இந்த எக்ஸிக்யூடிவ்." சரியாக ஓடுகிறதா என்று பார்க்க மூன்று சிறு விளக்குகளை மூன்று வேலைகளாக வைத்திருந்தோம். ஒன்று வேகமாக, ஒன்று நடுத்தரமாக, ஒன்று நிதானமாக, மூன்றும் அதனதன் போக்கில் கண் சிமிட்ட வேண்டும். எங்கள் விளக்குகளில் இரண்டு சிமிட்டும். மூன்றாவது கொஞ்ச நேரத்தில் உறைந்து போகும்.

அந்தக் காலத்து நிரல் சிப்புகளின் முதுகில் சின்னக் கண்ணாடி ஜன்னல் உண்டு. புற ஊதா விளக்குப் பெட்டிக்குள் வைத்தால் அதன் வழியே ஒளி புகுந்து எழுதியது அழியும், மறுபடி எழுதலாம். வெயில் தொடர்ந்து பட்டாலும் அழியும் என்பதால், வேலை செய்கிற சிப்பின் ஜன்னலை எதையாவது ஒட்டி மூடிவிட வேண்டும். மற்ற லேப்களில் காகிதத் துண்டோ டேப்போ ஒட்டினார்கள். எங்கள் லேபில் பொட்டு. எப்போதோ ஒருநாள் கையில் எதுவும் அகப்படாமல், அக்கா தன் நெற்றியிலிருந்து பொட்டை எடுத்துச் சிப்பில் ஒட்டிவிட்டு, கைப்பையிலிருந்த அட்டையிலிருந்து வேறொன்றை எடுத்து வைத்துக்கொண்டாராம். அளவும் கச்சிதம். அன்றிலிருந்து அதுவே வழக்கம். சோதனைச் சிப்புகள் வெறும் முதுகோடு கிடக்கும். தேறிய சிப்புக்கு மட்டும் அக்கா கையால் பொட்டு. வேலை முடிந்ததா என்று கேட்க தெலுங்குப் பையன்கள்கூட பொட்டு வைத்தாயிற்றா என்ற அர்த்தத்தில் "பொட்டு பெட்டாரா மேடம்?" என்றுதான் கேட்பார்கள்.

மூன்றாவது விளக்கு உறைந்துகொண்டிருந்த அந்த நாட்களில்தான் அக்காவின் கணவர் மஞ்சள் காமாலையில் இறந்துபோனார். சாதாரணக் காய்ச்சல் என்று படுத்தவர். குவார்ட்டர்ஸுக்குப் போய் வந்தோம். கூட்டத்துக்கு நடுவில் அக்கா சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். அவர் வேலைக்குத் திரும்ப ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று. வந்தபோது நெற்றியில் விபூதிக் கீற்று மட்டும். நேராக வந்து ஸ்டூலை இழுத்துப் போட்டு, "மூணாவது எரியுதா?" என்றார். இல்லை என்றேன். "தள்ளு" என்று உட்கார்ந்தார்.

அவர் வருவதற்கு முன்பே நான் ஒரு காரியம் செய்திருந்தேன். கறுப்பு இன்சுலேஷன் டேப்பைச் சதுரம் சதுரமாக வெட்டி ஒரு டப்பாவில் போட்டு வைத்திருந்தேன். பையன்களிடம், இனிமேல் பொட்டுப் பேச்சு எடுக்கக் கூடாது, மேடம் மனசு கஷ்டப்படும் என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன். என் பெருந்தன்மையில் எனக்கே ஒரு பூரிப்பு. சில நாட்களிலேயே அக்கா கோளாறைப் பிடித்துவிட்டார். சிப் விழித்தவுடன் தன் குறிப்புகளை எழுதத் தொடங்கும் இடமும், மூன்றாவது வேலைக்கு நாங்கள் ஒதுக்கியிருந்த இடமும் ஒன்றாக இருந்தன; அது எழுத எழுத இது அழிந்துகொண்டிருந்தது. ஒரே ஒரு கட்டளையைச் சேர்த்தார். மூன்று விளக்குகளும் சிமிட்டின. மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டியும் நிற்கவில்லை. பையன்கள் கைதட்டினார்கள். அக்கா சிரித்துக்கொண்டே மேஜைக்கு அடியிலிருந்த கைப்பையை எட்டினார். நான் பாய்ந்து ஒரு டேப் துண்டை எடுத்துச் சிப்பின் மேல் ஒட்டி, விரலால் அழுத்தியும் விட்டேன். அக்காவின் கை பைக்குள் பாதி போய் நின்றது. "நல்லா ஒட்டுது" என்றார். பையை மூடிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார். நல்லவேளை, சங்கடம் இல்லாமல் முடிந்தது என்று நினைத்தேன்.

அடுத்து, வாடிக்கையாளரும் பெரிய அதிகாரிகளும் வந்து பார்க்கும் நாள் குறிக்கப்பட்டது. எங்கள் லேப் வழக்கப்படி, நிரலை எழுதியவர்தான் போர்டின் ஓரத்தில் குங்குமம் வைத்து, சுவிட்சைப் போட வேண்டும். அப்புறம்தான் தேங்காய், லட்டு எல்லாம். பிரிவுத் தலைவர் முதல் நாள் என்னை அறைக்குக் கூப்பிட்டு, நாளை யார் என்று இழுத்தார். வேறொன்றும் சொல்லவில்லை. என் நாக்கில்தான் சனி. "மேடத்துக்குக் கஷ்டமா இருக்கும் சார். நானே போட்டுடறேன்" என்றேன். அவருக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி. அக்கா அப்போது பத்தடி தள்ளி, கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார். எழுந்து போய் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

மறுநாள் அக்கா கடுகு நிறத்தில் புதுப் புடவை கட்டிக்கொண்டு வந்தார். பஸ் கூட்டத்தில் கசங்காமல் இருக்க முந்தானையைக் கையில் சுருட்டிப் பிடித்தபடியே லேபுக்குள் நுழைந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. அதைப் பார்த்தும் எனக்குப் புரியவில்லை. மேஜைக்கு எதிரே, சுவிட்சுக்குக் கை எட்டும் இடத்தில் போய் நின்றார். அதிகாரிகள் வந்தார்கள். பிரிவுத் தலைவர் என் பெயரைச் சொன்னார். அக்கா திரும்பி என்னைப் பார்த்தார். பிறகு ஒரு எட்டுப் பின்னால் நகர்ந்து வழி விட்டார். நான் குங்குமம் வைத்தேன். சுவிட்சைப் போட்டேன். மூன்று விளக்குகளும் ஒரு குறையும் இல்லாமல் சிமிட்டின. எனக்குக் கை கொடுத்தார்கள்.

எல்லாரும் கலைந்த பிறகு அக்கா என் மேஜைக்கு வந்து அந்தப் பொட்டு அட்டையை வைத்தார். "வேலைக்குத் திரும்பின அன்னிக்கே மோண்டா மார்க்கெட்ல வாங்கினேன். சிப்புக்கு. நீதான் டேப் ஒட்டிட்டியே. உனக்காவது ஆகும், வெச்சுக்கோ."

"உங்களுக்குக் கஷ்டமா இருக்குமேன்னுதான் அக்கா..."

"என்னைக் கேட்டியா?"

அவர் குரல் உயரவில்லை. "வீட்லயும் இப்படித்தான். யாரும் கேக்கறதில்ல. மாமியார் முகம் பாக்கற கண்ணாடியைக் கழட்டி உள்ள வெச்சுட்டாங்க. பூக்காரி எங்க வாசல்ல நிக்காம போறா. எல்லாம் எனக்கு நல்லதாம். இங்க வந்து அந்தக் கிட்டு முன்னாடி உக்காந்தா மட்டும் நான் நானா இருந்தேன் கண்ணு. கைக்கு உனக்கு இவ்ளோ அவசரம்?" கைக்கு என்றால் எதற்கு. எதற்கென்று எனக்கும் தெரியவில்லை. அன்று அவரிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. அழுகை வந்தது, அதையும் அவரே "நக்கோ, நக்கோ" என்று முதுகில் தட்டி நிறுத்த வேண்டியிருந்தது. அதை நினைத்தால்தான் இன்னும் அவமானமாக இருக்கிறது.

நிறுத்திவைத்த வேலை திரும்பி வந்தால், விட்டது விட்டபடி அதன் கையில் கொடுக்க வேண்டும். மாதக்கணக்கில் நாங்கள் சிப்புக்குச் சொல்லிக்கொடுத்தது இதைத்தான். அக்கா திரும்பி வந்தபோது அவருடைய இடத்தை அப்படியே வைத்திருக்க எனக்குத் தெரியவில்லை. கெட்ட எண்ணத்தில் செய்திருந்தால்கூட என்னைத் திட்டிக்கொண்டு ஆறியிருப்பேன். நல்லது செய்கிறேன் என்று செய்தேன். சில மாதங்களில் அக்கா தரப் பரிசோதனைப் பிரிவுக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டார். அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்று எனக்கு நானே பலமுறை சொல்லிப் பார்த்திருக்கிறேன். சொல்லும்போதே நம்பிக்கை வராது. என்னிடம் அவர் கடைசிவரை முகம் சுளித்ததில்லை. கேன்டீனில் பார்த்தால் டிபன் டப்பாவை என் பக்கம் நகர்த்துவார். ஒருநாளாவது திட்டித் தீர்த்திருக்கலாம்.

போன மாதம் பழைய லேபைக் காலி செய்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, சொல்லிக் கேட்டு அந்தக் கிட்டை வாங்கி வந்தேன். சிப்பின் மேல் நான் ஒட்டிய டேப் அப்படியே இருந்தது. ஓரங்களில் கோந்து கசிந்து கறுத்திருந்தது. இத்தனை வருஷத்துக்குப் பிறகு எங்கே ஓடப் போகிறது என்று அரை மனதோடு சாப்பாட்டு மேஜையில் வைத்து மின்சாரம் கொடுத்தேன். மூன்று விளக்குகளும் சிமிட்டின. எனக்குத் தலைகால் புரியவில்லை. உடனே புனேயில் மகள் வீட்டில் இருக்கும் அக்காவுக்குப் போன் போட்டேன்.

"அக்கா, நம்ம கிட் இப்ப எங்க வீட்ல இருக்கு. ஓடுதுக்கா."

"ஹவ்? மூணாவது எரியுதா?"

"எரியுதுக்கா. நிக்காம எரியுது."

அந்தப் பக்கம் அக்கா சிரித்தார். வயதாகிக் கொஞ்சம் கரகரத்த அதே சிரிப்பு. பிறகு கேட்டார். "சுவிட்சை யாரு போட்டா?"

விளக்குகள் என் முன்னால் சிமிட்டிக்கொண்டிருந்தன. "நான்தான் அக்கா" என்றேன்.

"ம்" என்றார். கோபமே இல்லை. பேத்தியின் பரீட்சை, தன் முழங்கால் வலி என்று பேச்சை வேறு பக்கம் கொண்டு போனார். நானும் கூடவே போனேன். போனை வைத்த பிறகுதான் தோன்றியது, நீங்கள் ஹைதராபாத் வாருங்கள், வந்து நீங்களே போடுங்கள் என்று சொல்லியிருக்கலாம். வரும்வரை அதைத் தொடாமலாவது இருந்திருக்கலாம். சுவிட்சை அணைத்துவிட்டு, கிட்டை அலமாரியில் அந்தப் பொட்டு அட்டைக்குப் பக்கத்தில் வைத்தேன்.