தம்பி எழுதிவைத்த எட்டு வரி

போன மழைக்காலத்தில், மட்டாஞ்சேரியில் அம்மா மிளகு புடைக்கப் போகும் குடோனில் நடந்தது இது. இதுவரை யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை.

நான் பத்தாம் வகுப்போடு நின்றவள். நானும் தம்பியும் போனில் வீடியோ பார்த்துத்தான் புரோகிராம் எழுதக் கற்றோம். அந்தக் குடோனில் மூட்டையை எடை போட்டு லேபிள் அடிக்கும் புரோகிராமைத் தம்பிதான் ஜாவாவில் எழுதிக் கொடுத்தான். மழை தொடங்கும் முன்னே பைக் விபத்தில் போய்விட்டான். அவன் லேப்டாப் என்னிடம் வந்தது.

முதலாளி புது பிரிண்டர் வாங்கியதால் ஒரு சின்ன மாற்றம் செய்யச் சொன்னார். செய்யும்போதே தம்பி எழுதியதைக் கொஞ்சம் சுத்தமும் பண்ணினேன். காக்கநாட்டில் ஒரு கம்பெனி இன்டர்வியூவில் நான் எழுதியதாகக் காட்ட ஆசை. நடுநடுவே அவன் தமிழும் மலையாளமும் கலந்து குறிப்பு எழுதியிருந்தான். பார்த்தால் சிரிப்பார்களே என்று எல்லாவற்றையும் அழித்தேன். ஓர் இடத்தில் தராசைப் படிக்கும் வரி இரண்டு தடவை இருந்தது. கவனக்குறைவு என்று ஒன்றை எடுத்துவிட்டேன்.

இரண்டே நாளில் முதலாளி கூப்பிட்டார். பிராட்வே சந்தைக்குப் போன மூட்டைகள் எடை சரியில்லை என்று திரும்பி வந்து கிடந்தன.

"எந்தா மோளே இது? அம்பது கிலோ சாக்குல முப்பதுன்னு ஒட்டியிருக்கு. என்னைக் கள்ளன்னு சொல்றாங்க. அவன் இருந்தப்போ இப்படி வந்ததே இல்லல்லோ?"

அந்தக் கடைசி வார்த்தை சுருக்கென்றது. "அவன் அரைகுறையா எழுதிட்டுப் போயிட்டான் முதலாளி" என்றேன்.

மூட்டை இறக்கிக்கொண்டிருந்த சேட்டன் சிரித்தார். "செத்தவன் தலையில வச்சா ஆரு கேக்கும்!"

ஓரமாக உட்கார்ந்திருந்த அம்மாவின் கையில் முறம் நின்றது. அம்மா நிமிர்ந்து பார்க்கவில்லை.

தம்பியின் தப்பைக் காட்டியே தீருவது என்று உட்கார்ந்தேன். லேப்டாப்பில் அவன் எழுதியதன் மேலேயே நான் எழுதிச் சேமித்ததால் பழையது போய்விட்டது. ஆனால் குடோன் கம்ப்யூட்டரில் அவனுடைய பழைய ஃபைல், கம்பைல் ஆனது, அதாவது மெஷின் ஓட்டுவதற்காக மாற்றியது, அழியாமல் இருந்தது. அதற்குள் நாம் எழுதியது அப்படியே இருக்காது. பைட்கோடு என்கிற சின்னச் சின்னக் கட்டளைகள்தான் இருக்கும். நான் அதுவரை அதைத் திறந்து பார்த்ததே இல்லை. எழுதுவேன், ஓட்டுவேன், அவ்வளவுதான். ஜாவாவோடு வரும் ஒரு கமாண்டைப் போட்டு, ஒவ்வொன்றுக்கும் அர்த்தம் தேடித் தேடிப் படித்தேன்.

தராசைப் படி. கிடைத்ததைத் தூக்கிப் போடு. மறுபடி தராசைப் படி. இதை வைத்துக்கொள்.

ஒரு மூட்டையை ஏற்றிப் பார்த்தேன். அந்தத் தராசு முதலில் கேட்டால் முந்தைய மூட்டையின் எடையைத்தான் சொல்கிறது. தம்பி தெரிந்தேதான் இரண்டு தடவை படித்திருக்கிறான்.

கீழே, எந்தக் கட்டளை அவனுடைய எந்த வரியிலிருந்து வந்தது என்று நம்பர் இருந்தது. முதல் தடவை படிப்பது ஐம்பத்திரண்டாம் வரி. அடுத்தது அறுபத்தொன்று. நடுவில் எட்டு வரிக்கு நம்பரே இல்லை. குறிப்புகள் கம்பைல் ஆகும்போது உள்ளே போவதில்லை. ஏன் இரண்டு தடவை என்று அங்கேதான் எழுதியிருப்பான்.

அந்தச் சேட்டன் நிற்கும்போதே முதலாளியிடம் போய், "தப்பு என்னோடது. அவன் எழுதினது சரி" என்றேன். சேட்டன் இந்தத் தடவை சிரிக்கவில்லை.

"செரி, வேகமா செரியாக்கு மோளே" என்று முதலாளி போய்விட்டார்.

அம்மா முறத்தை வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்தாள்.

"அவன் என்னடி எழுதியிருந்தான் அதுல?"

எனக்குத் தெரியாது. ஒரு வரிகூடப் படிக்காமல்தான் அழித்தேன்.

இப்போது மூட்டைகள் சரியான எடையோடு போகின்றன. தராசைப் படிக்கும் அந்த இரண்டு வரிக்கும் நடுவே எட்டு வரியைக் காலியாக விட்டிருக்கிறேன். புரோகிராமைத் திறக்கும்போதெல்லாம் அந்த இடத்தைத் தலை குனிந்துதான் கடந்து போகிறேன்.