இடம் மாறும் வஸ்து

நெய்யாற்றின்கரையில் பத்திரம் எழுதும் ஆபீஸ் ஒன்றில் வேலை பார்க்கிறேன். நாள் முழுக்க எழுதுவது 'வஸ்து' என்ற சொல்லைத்தான். எங்கள் பக்கம் வஸ்து என்றால் நிலம். நான்கு எல்லையோடு இருந்த இடத்தில் இருக்கும்.

நாற்பத்திரண்டு வயதில் ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்குப் போய், விட்டுப்போன பத்தாம் வகுப்பை எழுதினேன். பௌதிகத் தாளில் மலையாளத்தில் ஒரு கேள்வி: குவிலென்ஸுக்கு முன்னால் வஸ்துவின் ஸ்தானம் மாறினால் பிரதிபிம்பம் எப்படி மாறும்? அந்தப் பாடம் நடந்த ஞாயிற்றுக்கிழமை நான் ஒரு கல்யாண வீட்டில் இருந்தேன். வஸ்து எங்கேயாவது இடம் மாறுமா? ஒன்றும் எழுதாமல் விட்டேன், தோற்றேன். 'இவள் மண்டையில் படிப்பு ஏறாது' என்று சின்ன வயதில் வீட்டில் சொன்னது சரிதானோ என்று கூசியது. இன்னும் ஒரே ஒரு தடவை எழுதிப் பார்ப்பது என்று முடிவு செய்தேன்.

வகுப்பில் டீச்சரிடம் கேட்டால் விழுந்து விழுந்து சிரிக்கிறார். "எக்கா, இங்க வஸ்துன்னா சாமானமாக்கும்! மெழுகுதிரிய வச்சா மெழுகுதிரிதான் வஸ்து."

பூதக்கண்ணாடியும் குவிலென்ஸ்தானே, மறுநாள் ஆபீஸில் இருந்ததை அமரவிளையில் இருக்கும் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். ஜன்னலுக்கு எதிர்ச்சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்ததும் ரோட்டில் போன பஸ் சுவரில் ஓடியது! குட்டியாக, சக்கரம் மேலே, கூரை கீழே. கத்தியே விட்டேன். அந்த ஒரு சாண்தான் குவியத்தூரம்.

ஜன்னலை அடைத்துக் கணவர் கையில் மெழுகுதிரியைக் கொடுத்தேன். அவர் லென்ஸிலிருந்து மூன்று சாண் தள்ளி நின்றபோது சுடர் சுவரில் சின்னதாக விழுந்தது. இரண்டு சாணில், லென்ஸைச் சுவரிலிருந்தும் இரண்டு சாண் விலக்கினால், அதே அளவு. ஒன்றரைச் சாணில் லென்ஸைச் சுவரிலிருந்து இன்னும் விலக்க வேண்டியிருந்தது. சுடர் இரண்டு மடங்கு பெரிது. எல்லாமே தலைகீழ்தான்.

"எட்டி, வெரலு பொள்ளுது!"

"வஸ்து பேசப்படாது, அனங்காம நில்லுங்க!"

சரியாக ஒரு சாணில் சுவரில் வெறும் வெளிச்சம், சுடரே இல்லை. அதற்கும் கிட்டே வந்ததும் லென்ஸ் வழியாகப் பார்த்தேன். நேராக நிமிர்ந்த பெரிய சுடர்! நான் தினமும் பத்திரம் படிப்பது இப்படித்தான் என்று அப்போதுதான் உறைத்தது. சந்தோஷத்தில் அவரைப் பிடித்து உலுக்கிவிட்டேன்.

பரீட்சையில் மறுபடியும் லென்ஸ் வந்தது. மெழுகுதிரி நின்ற ஐந்து இடத்துக்கும் ஸ்கேலை வைத்துப் படம் வரைந்தேன். ரிசல்ட்டை ஆபீஸில் வைத்துத்தான் போனில் பார்த்தேன். பௌதிகம் பாஸ். பத்திரம் எழுத வந்தவர்கள் பார்க்க, மேஜையில் தலை கவிழ்த்து அழுதேன். என் மண்டையில் ஏறும். இருபத்தாறு வருஷமாக ஏறாது என்று நம்பிக்கொண்டிருந்தேன்.