கணக்கு நோட்டுக்குப் போட்ட அட்டை

சிவகாசி வட்டாரத்தில் ரிங்கு கட்டி நடந்த சண்டைகளில் என் மாமாவைப் போல ஒருவர் இறங்கியதே இல்லை. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். எதைச் சொல்வதானாலும், அடுப்பை அணைத்தோமா என்று ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வந்துதான் சொல்வேன். இதை மட்டும் யோசிக்காமல் சொல்வேன்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. எம். புதுப்பட்டியில் எங்கள் வீட்டில்தான் இருந்தார். வாரத்தில் ஆறு நாள் அச்சாபீஸில் பேப்பர் வெட்டும் மிஷினில் வேலை. அந்த வருஷம் சிவகாசிப் பொருட்காட்சியில், டி.வி.யில் வருகிற மாதிரியே மல்யுத்தச் சண்டை வைத்தார்கள். ஐந்து ஞாயிற்றுக்கிழமை, சாயங்காலம் ஐந்து மணிக்கு. மாமா கயிற்றின் உச்சியில் ஏறி நின்று, அந்தரத்தில் ஒரு கரணம் அடித்து, எதிராளியின் நெஞ்சில் அலுங்காமல் விழுவார். கூட்டம் நாற்காலி மேல் ஏறிவிடும். ஆனால் நாலு வாரமும் தோற்றவர் மாமாதான்.

ஜெயித்தவர், சண்டையை எடுத்து நடத்திய காண்டிராக்டரின் மைத்துனர். ஆள் ஆறடி. ரிங்கை ஒரு சுற்றுச் சுற்றினாலே கயிற்றைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்குவார். பத்து நிமிஷம் மாமா அவரைச் சுற்றிச் சுற்றி ஆடுவார். பிறகு லேசாக ஒரு தள்ளு வாங்கி மல்லாந்துவிடுவார். தோள் தரையை விட்டு எழாமல் கிடக்க, நடுவர் மூன்று முறை தரையைத் தட்டுவார். மைத்துனர் கையைத் தூக்கும்போது பாதிக் கூட்டம் பஜ்ஜிக் கடைக்குப் போயிருக்கும். நான் பார்ப்பதால்தான் மாமா தோற்கிறாரோ என்று பயந்து, ஒரு வாரம் கண்ணை மூடிக்கொண்டும் உட்கார்ந்தேன். அன்றைக்கும் அப்படித்தான் ஆயிற்று.

நாலாவது வாரம் முடிந்ததும் காண்டிராக்டரே வீட்டுக்கு வந்தார். அம்மா கொடுத்த காபியைக் குடித்துவிட்டு மாமாவின் தோளைத் தட்டினார்.

“கடைசி வாரம் ஒனக்குத்தான்லே மாப்ள. பெல்ட்டு ஒன் இடுப்புலதான்.”

ஜெயித்தவரைத்தான் அடுத்து மதுரை, திருநெல்வேலி என்று முதல் ஆளாகக் கூட்டிப்போவார்களாம். மாமா மிஷின் வேலைக்கு ஒரு மாசம் லீவு சொல்லிவிட்டார். பெரியவர்கள் பரீட்சைக்குப் போகிறவர்களை வாழ்த்துவது போல இதுவும் ஒரு வாழ்த்து என்று நான் நினைத்துக்கொண்டேன். மழை வந்துவிட்டால், கயிறு அறுந்துவிட்டால் என்பதுதான் என் கவலை.

அப்பா வேறொரு ஆபீஸில் ஆஃப்செட் மிஷின் ஓட்டினார். வேஸ்ட் ஷீட்டுகளை வீட்டுக்குக் கொண்டுவருவார். எங்கள் ஊர்ப் பிள்ளைகளின் நோட்டுக்கெல்லாம் அதுதான் அட்டை. பாதி மஞ்சளான லட்சுமி, ஒன்றின் மேல் ஒன்றாக விழுந்த இரண்டு முயல்குட்டி, எழுத்தில்லாத புஸ்வாணம். தப்பாக அடித்ததுதான் வீட்டுக்கு வரும் என்பது எங்களுக்கு நடக்கப் பழகும்போதே தெரியும்.

கடைசி வாரத்து வெள்ளிக்கிழமை வந்த ஷீட்டில் தீபாவளி சீசனுக்கான ஒரு வெடிப் பெட்டியின் லேபிள் இருந்தது. மைத்துனர் இடுப்பில் பெல்ட்டோடு கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார். கீழே ‘பொருட்காட்சி சாம்பியன்’ என்று கொட்டை எழுத்து. எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. ஓடிப்போய் மாமாவிடம் நீட்டினேன்.

“மாமா, இங்கன பாருங்க. ஆளை மாத்தி அடிச்சிட்டாக. நாளன்னிக்கு நீங்க ஜெயிச்ச பொறவு அம்புட்டையும் கிழிச்சுப் போடணும்ல?”

மாமா அதை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். எம்புட்டு அடித்தார்கள் என்று கேட்டார். லோடே போய்விட்டதென்று அப்பா சொன்னதைச் சொன்னேன்.

“சரி தாயி. இது எந்த நோட்டுக்கு?”

கணக்கு நோட்டுக்கு என்றேன். அவரே உட்கார்ந்து அட்டை போட்டுக் கொடுத்தார். மடிப்பெல்லாம் கத்தியால் கீறியது போல நின்றது. படத்தை மட்டும் உள்பக்கமாக வைத்து மடித்திருந்தார். தப்பான படம் வெளியே தெரிய வேண்டாம் என்று நினைத்தார் போல என்று நானும் விட்டுவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மாமா ஆடியதைப் போல அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை. மூன்று முறை கயிற்றிலிருந்து பறந்தார். கடைசியில் மைத்துனரை மல்லாத்தி, அவர் நெஞ்சின் மேல் உட்கார்ந்துவிட்டார். நடுவர் ஒன்று தட்டினார், இரண்டு தட்டினார். மூன்றாவதற்குத் தூக்கிய கை அப்படியே நின்றது. அவர் காண்டிராக்டரைப் பார்த்தார். கூட்டம் முழுக்க மூணு, மூணு என்று கத்தியது. மாமா முன்வரிசையில் இருந்த என்னைப் பார்த்துச் சிரித்தார். பிறகு மைத்துனரின் தோளுக்கு அடியில் இரண்டு விரலைக் கொடுத்து, மெல்ல மேலே தூக்கிவிட்டார். தூக்கிவிட்டு, வீட்டுப் பாயில் படுப்பது போலத் தானாகவே படுத்துக்கொண்டார்.

பெல்ட் ரிங்குக்குள் மைத்துனர் இடுப்பில் இருந்தது. கூட்டம் மாமாவைத் தோளில் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரை எங்களோடு வந்தது. மதுரையில் அந்த மைத்துனரை வைத்து ஒரு வாரத்துக்கு மேல் ரிங்கு நிற்கவில்லை என்று பிற்பாடு கேள்விப்பட்டோம். மாமா அதற்குள் லீவை ரத்து செய்துவிட்டு மிஷினுக்குத் திரும்பியிருந்தார்.

அன்றைக்கு பஸ்ஸில் அழுதுகொண்டே கேட்டேன், ஏன் மாமா தூக்கிவிட்டீக என்று.

“அடிச்ச லேபிளு வீணாப் போயிரும்ல தாயி” என்றார்.

நான் நம்பினேன். அப்பாவின் லோடைக் காப்பாற்றத்தான் மாமா தோற்றார் என்று வகுப்பு முழுக்கப் பெருமையாகச் சொல்லித் திரிந்தேன்.

பிறகு நானே அச்சாபீஸில் ஷீட் பார்த்துக் கழிக்கும் வேலைக்குப் போனேன். ஒரு நாள் அந்தப் பழைய நோட்டின் அட்டையைப் பிரித்து, வேலை செய்கிற கண்ணால் பார்த்தேன். சிவப்பு மை, கோட்டை விட்டு ஒரு நூல் அளவு வெளியே தள்ளியிருந்தது. அவ்வளவுதான் தப்பு. அதற்காகத்தான் அதை வேஸ்ட்டில் போட்டிருக்கிறார்கள். ஆளை அவர்கள் சண்டைக்கு முன்னாலேயே சரியாகத்தான் அடித்திருந்தார்கள். அதை மாமாவிடம் முதலில் கொண்டுபோய்க் காட்டியவள் நான், அதுவும் சிரித்துக்கொண்டே.